விதைக்கு நீல அட்டை உண்டு... பயிற்சிக்கு?

நர்ஸ், டாக்டர், பார்மசிஸ்ட், ஆடிட்டர்... வேலையில் இருப்பவர்கள் மறுபடி மறுபடி படிக்க வேண்டிய காலம் இது. அந்தப் படிப்புக்கு ‘கிரெடிட் மணி’ வழங்கும் தகுதி யாருக்கு உண்டு? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். அரங்குளநாதர் கோயில், அதைச் சுற்றிய தெருக்கள், அதைத் தாண்டினால் வயல், முந்திரி, தைலமரம். எங்கள் அண்ணி அந்த ஊரிலிருந்துதான் தினமும் பஸ் ஏறி புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறார். பதினைந்து வருட அனுபவம். பிரசவ வார்டு.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பச்சை நிற ஃபைல் ஒன்றை என் கையில் கொடுத்தார்.

“தம்பி, ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கணும். இதுல இருக்கிற சர்டிஃபிகேட்டை எல்லாம் கூட்டி எத்தனை மணி நேரம் வருதுன்னு பாருங்களேன். எனக்குக் கண்ணு சுத்துது.”

உள்ளே 11 சான்றிதழ்கள். தங்க நிற எழுத்து, சிவப்பு முத்திரை, மூன்று நான்கு கையெழுத்து என எல்லாமே பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘6 கிரெடிட் மணி’ என்று அச்சாகியிருந்தது. கூட்டுவது சுலபம். பதினோரு ஆறு 66.

ஆனால், ஏழில்தான் அந்தப் பயிற்சிக்கு அனுமதி கொடுத்த கவுன்சிலின் பெயரும் அனுமதி எண்ணும் இருந்தன. மீதி நான்கில் ‘கிரெடிட் மணி’ என்ற வார்த்தை மட்டும்தான் இருந்தது. யார் கொடுத்த கிரெடிட் என்று எங்கேயும் இல்லை.

விசாரித்ததில், அந்த நான்கும் கணக்கில் வராது என்று தெரிந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். தலைக்கு 600 ரூபாய் வீதம் 2,400 ரூபாய். பஸ், சாப்பாடு தனி. பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நைட் டூட்டி முடித்த கண்ணோடு போய் உட்கார்ந்த 24 மணி நேரம்.

“நான் என்ன ஏமாத்தவா செஞ்சேன்? போய் உட்கார்ந்து படிச்சுட்டுத்தானே வந்தேன்?” என்று கேட்டார் அண்ணி. பதில் தேடிப் போனபோது தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

படித்தது போதாதா?

முதல் கேள்வி இதுதான். மூன்று, நான்கு வருடம் படித்து, பரீட்சை எழுதி, பதிவு வாங்கி வேலைக்கு வந்த ஒருவரை எதற்கு மறுபடியும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும்?

நம் மாவட்டம் தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்வோம். 1912-ல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது இன்சுலின் கிடையாது. அது 1921-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பென்சிலினும் கிடையாது. அதற்கு 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய பாடத்தை மட்டுமே நம்பி ஒருவர் முப்பது வருடம் வைத்தியம் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முத்துலட்சுமி ரெட்டியே 1925-ல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேல்பயிற்சி பெற லண்டன் போனார்.

இன்றைக்கு மாற்றம் இன்னும் வேகம். மூச்சும் நாடியும் நின்றவருக்கு முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, அதன் பிறகே நெஞ்சை அழுத்துவது என்றுதான் பல வருடங்கள் சொல்லிக்கொடுத்தார்கள். 2010-ல் அமெரிக்க இதய சங்கம் அந்த வரிசையை மாற்றியது. பெரியவர்களுக்கு முதலில் நெஞ்சை அழுத்துங்கள் என்றது. 2009-ல் படித்து முடித்த நர்ஸுக்கு இதை யார் சொல்வது?

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு இன்னொரு உதாரணம். உலகம் முழுக்க பிரசவ மரணங்களுக்கு முதல் காரணங்களில் ஒன்று. எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கணித்தால், உண்மையைவிடக் குறைவாகவே தோன்றும். அளவுக் கோடு போட்ட விரிப்பை அடியில் விரித்து ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் மசாஜ், மருந்து, சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கினால் என்ன ஆகும் என்று கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் விபரீதங்களும் சுமார் 60 சதவீதம் குறைந்தன. இந்த முடிவு வெளியானது 2023-ல். ரத்தத்தை உறைய வைக்க உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2017-ல்.

இரண்டுமே அண்ணி படித்து முடித்த பிறகு வந்தவை. அவர் வார்டுக்கு வரும் பெண்ணுக்கு அவர் 2008-ல் படித்தது மட்டும் போதாது. தொடர் கல்வியின் நியாயம் இவ்வளவுதான்.

யாருக்கு எத்தனை மணி?

டாக்டர்களுக்கு 5 வருடத்தில் குறைந்தது 30 மணி நேரம். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு தொழில் நெறி விதிமுறையில் இது இருக்கிறது. ‘மதிப்புள்ள தொழில்சார் கல்வி அமைப்புகளோ, அதிகாரம் பெற்ற பிற நிறுவனங்களோ நடத்தும்’ நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டும் என்பது அந்த விதியின் சாரம்.

நர்ஸுகளுக்கு 5 வருடத்தில் 150 மணி நேரம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பாடு. தேசிய அளவிலான நேரடிப் பதிவேடு, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாள எண், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்று அது போகிறது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், இங்கே 1926-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் சொல்வதையே பார்க்க வேண்டும்.

பார்மசிஸ்ட்டுகளுக்கு, 2015-ம் ஆண்டு மருந்தியல் தொழில் விதிமுறைகளின்படி, பதிவைப் புதுப்பிக்க 5 வருடத்தில் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகள். பட்டயக் கணக்காளர்களுக்கும் மணிக்கணக்கு உண்டு. தொழில் நடத்தும் 60 வயதுக்குட்பட்ட ஆடிட்டர் மூன்று வருடத்தில் 120 மணி நேரம் காட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பயிற்சி 6 மணி நேரம் என்றால், ஒரு டாக்டருக்கு 5 வருடத்தில் 5 நாள். ஒரு நர்ஸுக்கு 25 நாள். வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் ஓய்வு. அதில் 25-ஐ விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால்தான் நான்கு நாள் வீணாய்ப் போனது அண்ணிக்கு அவ்வளவு வலித்தது.

‘கிரெடிட்’ என்பது எங்கிருந்து வந்தது?

கல்லூரிப் பட்டத்துக்கு மதிப்பெண் உண்டு. வேலைக்கு வந்த பிறகு படிப்பதை எதைக் கொண்டு அளப்பது? 1968-ல் அமெரிக்காவில் இதற்காகவே பல அமைப்புகள் கூடிப் பேசின. அங்கிருந்து வந்த அலகுதான் தொடர் கல்வி அலகு. பொறுப்பான ஓர் அமைப்பு, முறையான வழிகாட்டலோடு, தகுதியான ஆசிரியரைக் கொண்டு நடத்தும் பயிற்சியில் 10 மணி நேரம் கலந்துகொண்டால் ஓர் அலகு.

இந்த வரையறையில் மணி நேரம் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘பொறுப்பான அமைப்பு’ என்று ஆரம்பிக்கிறது. அப்படியானால் யார் பொறுப்பான அமைப்பு என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். அங்கே பிறந்ததுதான் அங்கீகாரம் கொடுக்கும் ஏற்பாடு. டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அமைப்புகளைச் சோதித்து அங்கீகரிக்க 1981-ல் அமெரிக்காவில் ஒரு தனி கவுன்சிலே வந்துவிட்டது.

நம் ஊரில் அந்த வேலையைப் பெரும்பாலும் மாநில கவுன்சில்கள் செய்கின்றன. தமிழ்நாட்டில் டாக்டர்களுக்கான கருத்தரங்க அழைப்பிதழ்களைப் பார்த்தால், தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் கிரெடிட் மணி என்றோ, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் என்றோ போட்டிருப்பார்கள். ஆடிட்டர்களுக்கு அவர்களுடைய இன்ஸ்டிடியூட்டே கிளைகளையும் படிப்பு வட்டங்களையும் பயிற்சி நடத்தும் அலகுகளாக அங்கீகரிக்கிறது.

வம்பன் சொல்லும் பாடம்

இது புரியவில்லை என்றால், திருவரங்குளத்திலிருந்து அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் போங்கள். வம்பன் வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையமும், வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க விதைக்கிற ‘வம்பன்’ உளுந்து ரகங்களின் பெயரே இந்த ஊர்தான்.

உளுந்து விதை வாங்கும் விவசாயி மூட்டையில் முதலில் எதைப் பார்ப்பார்? அட்டையை. வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. உளுந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் நல்ல விதையும் மோசமான விதையும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். முளைக்குமா, ரகம் கலந்திருக்கிறதா என்பது விதைத்த பிறகுதான் தெரியும். அப்போது பருவம் போயிருக்கும்.

அதனால்தான் விதைச்சான்றுத் துறை மூட்டையை மட்டும் பார்த்து அட்டை கட்டுவதில்லை. விதைப் பயிர் நிற்கும்போதே வயலுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். வேறு ரகச் செடி இருக்கிறதா, பக்கத்து வயலிலிருந்து போதிய இடைவெளி விட்டிருக்கிறதா, நோய் இருக்கிறதா என்று ஆய்வு செய்கிறார்கள். அறுவடைக்குப் பிறகு மாதிரி எடுத்து பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். உளுந்தில் குறைந்தது 75 சதவீதம் முளைப்புத்திறன், 98 சதவீதம் புறத்தூய்மை இருந்தால்தான் அட்டை.

பயிற்சிக்கான அங்கீகாரமும் இதே கதைதான். சான்றிதழ் என்பது மூட்டை. அதை எல்லோரும் அழகாக அச்சடிக்கலாம். அங்கீகாரம் கொடுப்பவர் பார்க்க வேண்டியது வயலை.

என்ன பார்க்கிறார்கள்? இந்தப் பயிற்சி யாருக்கு, எந்தக் குறையைச் சரிசெய்ய என்று அமைப்புக்குத் தெரிகிறதா? பாடம் எடுப்பவரின் தகுதி என்ன? நேர அட்டவணை இருக்கிறதா, அதில் டீயும் சாப்பாடும் வரவேற்புரையும் பாட நேரமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா? வருகைப் பதிவு காலையில் மட்டுமா, மாலையிலும் உண்டா? முடிவில் கற்றதைச் சோதிக்கிறார்களா? ஐந்து வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்டால் அவருடைய பதிவை எடுத்துக் கொடுக்க முடியுமா?

சில இடங்களில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக அனுமதி தருகிறார்கள். வேறு இடங்களில் அமைப்பையே முழுதாகச் சோதித்து, குறிப்பிட்ட காலத்துக்கு நீங்களே கிரெடிட் கொடுக்கலாம் என்று அதிகாரம் தருகிறார்கள். முதலாவது ஒவ்வொரு மூட்டைக்கும் அட்டை. இரண்டாவது, பண்ணைக்கே நம்பிக்கைப் பத்திரம்.

எங்கள் ஒன்றியத்தில் உரக்கடை, பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கடைக்காரர்களுக்கென்றே ‘டேசி’ என்ற ஒரு வருட டிப்ளமோவை ஹைதராபாத்திலுள்ள மத்திய அரசின் வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ல் கொண்டு வந்தது. வாரத்தில் ஒரு நாள், 40 வகுப்புகள், 8 வயல் பயணங்கள். ஆனால், அந்த நிறுவனம் எல்லா ஊருக்கும் வந்து வகுப்பெடுப்பதில்லை. தகுதியுள்ள உள்ளூர் நிறுவனங்களைப் பயிற்சி மையங்களாகத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மூலம் நடத்துகிறது. பாடத்திட்டமும் பரீட்சையும் மேலிருந்து, வகுப்பு உள்ளூரில். விவசாயி, ‘என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று முதலில் கேட்பது கடைக்காரரைத்தான். அவருக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்தால் பாதிப்பு அவரோடு நிற்காது.

யார் காசில் நடக்கிறது?

அங்கீகாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சிக்கு மேடை, ஏசி ஹால், பிரியாணி எல்லாம் இலவசம் என்றால் யாரோ பணம் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ, தன் மருந்தை விற்க நினைக்கும் கம்பெனியாக இருந்தால், பாடம் எது விளம்பரம் எது என்று பிரிப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் நோயாளிகளுக்கான மருந்து, கருவி தயாரித்து விற்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட கம்பெனிக்கு டாக்டர்களுக்குப் பயிற்சி தரும் அமைப்பாக அங்கீகாரமே கிடைக்காது. இந்தியாவில் மருந்து விற்பனை நெறிமுறைக்கான சீரான விதித்தொகுப்பு 2024 மார்ச் மாதம் வந்தது. டாக்டர்களுக்கான தொடர் கல்வி நிகழ்ச்சியை வெளிநாட்டில் நடத்தக் கூடாது என்று அது சொல்கிறது. மருத்துவக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், டாக்டர்களின் தொழில்முறைச் சங்கங்கள் போன்றவை வழியாகத்தான் நடக்கலாம், செலவுக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அதற்கு முந்தைய வருடம் இன்னும் கடுமையான ஒரு முயற்சி நடந்தது. 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் டாக்டர்களின் நடத்தை குறித்த புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகள், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள், சங்கங்கள் மட்டுமே கிரெடிட் மணி வழங்கலாம், அந்த மணிகள் டாக்டரின் தனிப் பதிவு எண்ணில் ஆன்லைனில் ஏற வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. வேறு சில பிரிவுகளுக்கு, குறிப்பாக மருந்தின் பொதுப்பெயரைத்தான் எழுத வேண்டும் என்பதற்கு, டாக்டர்கள் சங்கங்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. மூன்றே வாரத்தில் முழு விதிமுறையும் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிமுறைக்கே திரும்பினார்கள்.

முத்திரை இருந்தால் போதுமா?

அண்ணியின் பச்சை ஃபைலுக்குத் திரும்புவோம். சங்கடமான ஒரு விஷயம் அதில் இருந்தது.

முத்திரை உள்ள ஏழில் ஒன்று, பெரிய ஹாலில் 300 பேரை உட்கார வைத்து நடந்தது. காலையில் கையெழுத்து, மத்தியானம் சாப்பாடு, அதற்குப் பிறகு பாதி நாற்காலிகள் காலி. என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் அண்ணிக்கு நினைவில்லை. ஆனாலும் அது 6 மணி.

முத்திரை இல்லாத நான்கில் ஒன்று, ஓய்வுபெற்ற மூத்த தாதி ஒருவர் இருபது பேரை வைத்துக்கொண்டு பொம்மையில் செய்து காட்டிய வகுப்பு. ரத்தப்போக்கை அளப்பது, யார் எந்த வேலையை எடுப்பது, யார் டாக்டருக்கு போன் செய்வது என்று ஒவ்வொருவரையும் மூன்று முறை செய்ய வைத்திருக்கிறார். பிறகு ஒரு நைட் டூட்டியில் அது கைகொடுத்தது. “கை தானா ஓடுச்சு தம்பி. யோசிக்கவே இல்ல” என்றார் அண்ணி. கணக்கில் அது பூஜ்யம்.

‘அப்படியென்றால் அங்கீகாரமே வெறும் சடங்குதானே?’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால், அந்தத் தாதி நல்லவராக இருந்தது அண்ணியின் அதிர்ஷ்டம். மீதி மூன்று பயிற்சிகளை நடத்தியவர்கள் அப்படி இல்லை. அதிர்ஷ்டத்தை நம்பி ஓர் ஏற்பாட்டை நடத்த முடியாது. வீட்டில் சேர்த்துவைத்த விதையும் சில வருடம் பிரமாதமாக முளைக்கும். அதற்காக அட்டையே வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. அட்டை கட்டுபவர் வயலுக்கு ஒழுங்காக வர வேண்டும் என்றுதான் கேட்பார்.

பயிற்சி வகுப்புகளால் நிஜமாகவே வேலை மேம்படுகிறதா என்று 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து கோக்ரேன் அமைப்பு 2021-ல் வெளியிட்ட மதிப்பாய்வு ஒன்று உண்டு. முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் மிதமானது. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்வது நடுத்தரமாக சுமார் 7 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது. உட்கார்ந்து கேட்பதால் மட்டும் பெரிய மாற்றம் வந்துவிடாது.

இங்கிலாந்தில் வேறு வழி போகிறார்கள். 2016 ஏப்ரலிலிருந்து அங்கே நர்ஸுகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவை உறுதிசெய்ய வேண்டும். 35 மணி நேரம் தொடர் கல்வி. அதில் 20 மணி நேரமாவது மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். கூடவே, கற்றதை வைத்துத் தன் வேலையில் என்ன மாறியது என்று ஐந்து குறிப்புகள் எழுதி, சக பதிவாளர் ஒருவரோடு அதைப் பேச வேண்டும். மணி குறைவு, யோசிக்கும் வேலை அதிகம். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போயிருக்கும் நர்ஸுகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

நம் ஊர் அங்கீகாரமும் வாசலில் போட்ட கையெழுத்தை மட்டும் பார்க்காமல், வகுப்புக்குள் செய்து பார்த்தார்களா என்று கேட்க ஆரம்பித்தால், அந்த மூத்த தாதியின் வகுப்புக்குத்தான் முதலில் கிரெடிட் கிடைக்கும்.

அந்தத் தாதிக்கு அங்கீகாரம் கிடைக்க என்ன வழி?

இதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. நன்றாகச் சொல்லித்தரத் தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. நிரப்பத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லித்தரத் தெரியாது.

தனிநபராக நிற்காமல், ஒரு நர்சிங் கல்லூரியோடோ மருத்துவமனையோடோ தொழில்முறைச் சங்கத்தோடோ சேர்ந்து நடத்துவது முதல் படி. பதிவும் கணக்கும் அவர்கள் பொறுப்பு, பாடம் இவர் பொறுப்பு. புதுக்கோட்டையில் 2017-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு ராணியார் மருத்துவமனை இருக்கிறது. திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறாமல், இங்கேயே அங்கீகாரம் பெற்ற பயிற்சிகள் கூடினால், திருவரங்குளம், ஆலங்குடி, கறம்பக்குடி பக்கத்து நர்ஸுகளுக்கு மிச்சமாவது பணம் மட்டுமல்ல, ஓய்வு நாளும்தான்.

பயிற்சி நடத்த நினைக்கும் அமைப்புகள் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே கவுன்சிலுக்கு எழுத வேண்டும். பாடத்திட்டம், பேசுபவர்களின் தகுதிச் சான்று, நேர அட்டவணை, பங்கேற்பாளர் எண்ணிக்கை, தேர்வு முறை, பணம் வரும் வழி ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அனுமதி வரும் முன் ‘கிரெடிட் உண்டு’ என்று விளம்பரம் செய்வது, வருபவரின் ஞாயிற்றுக்கிழமையைத் திருடுவதற்குச் சமம்.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சியால் பலன் பெறுவது உங்கள் நோயாளிகள். அந்த நாளை டூட்டியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, கட்டணத்தில் பாதியாவது ஏற்றுக்கொண்டால், ‘சர்டிஃபிகேட் கிடைத்தால் போதும்’ என்று ஓடும் நிலை குறையும்.

பணம் கட்டும் முன் 7 கேள்விகள்

நீங்களோ, உங்கள் வீட்டில் ஒருவரோ இப்படிப்பட்ட பயிற்சியில் சேரப்போகிறீர்களா? இதை போனில் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1. கிரெடிட் கொடுப்பது யார்? நடத்தும் அமைப்பின் பெயர் வேறு, அங்கீகரித்த கவுன்சிலின் பெயர் வேறு. இரண்டும் நோட்டீஸில் இருக்க வேண்டும்.

2. அனுமதி எண், தேதி இருக்கிறதா? ‘விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்’ என்றால் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

3. அந்த அனுமதி இந்த நிகழ்ச்சிக்கா, இல்லை போன வருட நிகழ்ச்சிக்கா? பழைய எண்ணையே மறுபடி அச்சடிப்பவர்கள் உண்டு.

4. உங்கள் தொழிலுக்கு, உங்கள் மாநிலத்துக்கு அது செல்லுமா? டாக்டர்களுக்கான கிரெடிட் நர்ஸின் கணக்கில் தானாக ஏறாது. வேறு மாநில கவுன்சிலின் கிரெடிட்டையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

5. ஆன்லைன் வகுப்பா? அதற்கு எத்தனை மணி வரை ஏற்பார்கள் என்று கவுன்சிலிடம் கேளுங்கள். ‘வீடியோவை ஓடவிட்டால் போதும்’ என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

6. மணிகள் உங்கள் பதிவு எண்ணில் ஏற்றப்படுமா? யார் ஏற்றுவார்கள், எத்தனை நாளில்? பதிவு எண்ணைச் சரியாகக் கொடுங்கள். ஓர் இலக்கம் மாறினால் மணி வேறொருவர் கணக்குக்குப் போகும்.

7. பேசுபவர் யார், செலவு யாருடையது? ஒரே கம்பெனியின் பெயர் எல்லாப் பலகையிலும் இருந்தால், பாடத்தைக் கொஞ்சம் உப்புப் பார்த்துக் கேளுங்கள்.

சான்றிதழை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். கடைசி வருடத்தில் 150 மணியை ஒன்றாகத் தேடாமல், வருடத்துக்கு 30 மணி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஐந்து நாள். அதில் மூன்று நாளாவது உங்கள் வார்டுக்கு நேரடியாகப் பயன்படும் பாடமாக இருக்கட்டும்.

சைக்கிள் பழகிய ஊர்

அண்ணியின் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, வயல் வேலை முடித்து இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் பழகினார். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் ஓட்டப் பழகிய காலம் அது.

அந்த வகுப்புக்குக் கிரெடிட் கிடையாது. ஆனால், யார் பழகினார்கள், யார் பழகவில்லை என்று சந்தேகமும் வரவில்லை. மறுநாள் காலை ரோட்டில் பார்த்தாலே தெரிந்துவிட்டது.

பிரசவ வார்டில் அப்படி ரோட்டில் நின்று பார்க்க முடியாது. உள்ளே இருக்கும் நர்ஸ் என்ன கற்றிருக்கிறார் என்று வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குத் தெரியாது. அவர்கள் சார்பாக யாரோ ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முத்திரை அதற்குத்தான்.

அண்ணி இப்போது விட்டுப்போன 24 மணியை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஒரு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அனுமதி எண்ணைச் சுற்றி சிவப்பில் வட்டம் போட்டு, கீழே ஒரே ஒரு வரி:

“போன் பண்ணி கேட்டுட்டேன் தம்பி. இது நிஜம்.”